பாதை ஓடாத மாதத்தின் கூட்டறிக்கை

ஊரடங்கு.
குருமண்வெளித் துறையில்
பாதையை மரத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.
அக்கரையில் மண்டூர், கண்ணுக்குத் தெரிகிறது.
மாதர் சிக்கனச் சங்கத்தில் பதினாலு பேர்,
எட்டுப் பேர் படுவான்கரை,
என்னோடு ஆறு பேர் எழுவான்கரை.
கூட்டறிக்கை இல்லாவிட்டால்
வங்கி கடன் விடாது.
செயலாளர் நான்.

"பிளே ஸ்டோருக்குப் போங்க அக்கா"
"ஊரடங்குல அதைத் திறந்து வச்சிருக்கானா?"
இப்படிக் கேட்டது எங்கள் தலைவி, சுகிர்தமணி.
ரதிமலருக்கு லிங்க் அனுப்பினேன்.
அதைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டு
எழுத்தெழுத்தாக வாசித்துக் காட்டினாள்,
ஒரு பிழையில்லை.
தொட்டுப் போகத்தான் அதில் ஒன்றுமில்லை.
நாலு நாள், எழுநூறு ரூபா ரீலோட்.

ஞாயிறு நாலரைக்கு
ஒவ்வொரு பெட்டியாகத் திறந்தது.
டிலக்சன்.
கிஷோபன்.
சாம்சங் ஏ டென்.
மண்டூர் கிங்.
மகன்மாரின் பெயரைப் போட்டுக்கொண்டு
தாய்மார் வந்திருந்தார்கள்.

ஒரு பெட்டியில் நெற்றி மட்டும்.
ஒன்றில் சுழலாத மின்விசிறி.
ஒன்றில் முழுக்க முழுக்கக் காது.
"போனைக் காதில இருந்து எடுங்க"
"எடுத்தா எப்பிடிக் கேக்கும்?"
சோதிமலர் கொடியேற்றத்துக்குக் கட்டும் சேலையில்
எழும்பி நின்று கரையைக் காட்டினாள்.
அதற்கே பதினொரு நிமிடம்.

பிறகுதான் கண்டேன்,
கிஷோபன் பெட்டியில் தவமலர்.
சிக்னலுக்காக வயலோரம்
உழவு மெசின் பெட்டியில் ஏறி இருக்கிறாள்.
வெயில் முதுகுப் பக்கம், முகம் ஒரே இருட்டு.
வாய் அசைகிறது.

"கேக்கல்ல"
"கீழ பாருங்க, சிவப்புக் கோடு, அதை அமத்துங்க"
"தவமலர், கேக்கல்லகா, மறுகா சொல்லு"
எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.
மண்டபத்தில் அவள் இருப்பது கதவடியில்,
கடைசிப் பாதையைப் பிடிக்க வசதியாக,
செருப்புகளுக்குப் பக்கத்தில்.
அங்கேயும் வாய் அசைந்திருக்கிறது.
கேட்கவில்லை என்று யாரும் கத்தியதில்லை.
ஒன்பது வருடக் கொப்பிகளில்
என் கையால் எழுதியது ஒரே வரி:
தவமலர், சமுகம்.

மைக் திறந்தது.
முதலில் காற்று. எங்கோ ஒரு ஆள்காட்டி.
"கேக்குதா? என்ட இருவத்தேழாயிரம்
போன ஆவணியோட கட்டி முடிஞ்சிது.
புத்தகத்தில இன்னும் ஓடுது.
நாலு கூட்டத்தில சொன்னன்."

சுகிர்தமணி தொண்டையைச் செருமினாள்.
"துண்டு இருக்கா?"
இருந்தது.
கமெராவுக்கு ஒட்டப் பிடித்தாள், வெள்ளையடித்தது.
"தள்ளிப் பிடி"
"வெயிலுக்கு நேரே கிறுகி இரு"
கிறுகினாள். முகத்தில் வெளிச்சம்.
துண்டு மங்கி, தெளிந்து, மங்கி,
தெளிந்தபோது
அடியில் ஒரு கையெழுத்து,
வால் இழுத்த அந்த 'ரா'.
என்னுடையது.

நாற்பது நிமிடம் முடிந்தது.
இலவசம் அவ்வளவுதான்.
பதினாலு பெட்டியும் ஒன்றாக மூடிக்கொண்டன.

கண்ணாடியில் என் முகம் மட்டும்
கறுப்பாகத் தெரிந்தது.
உடனே அழைப்பு வந்தது. தலைவி.
"விடு புள்ள, கூட்டம் நடந்ததுதானே,
மிச்சத்தை அடுத்த மாசம் பாப்பம்."
ஓம் என்றேனா, இல்லையா,
இப்போது ஞாபகமில்லை.

கொப்பியைத் திறந்தேன்.
தவமலர் என்று எழுதி
பக்கத்தில் எதுவும் எழுதாமல் விட்டேன்.
ஆறு வரி விட்டேன்.
புது லிங்க் அனுப்பினேன், பதின்மூன்று பேருக்கும்.
தேத்தண்ணி ஆறியது.
ஒரே ஒரு வரி வந்து நின்றது:
கிஷோபன் காத்திருக்கிறார்.

உள்ளே விட்டேன்.
வெயில் இறங்கியிருந்தது,
அவள் இன்னும் மெசின் பெட்டியிலேயே.
பிழை என்னுடையது தவமலர் என்றேன்.
பதிந்தது நான், மறந்ததும் நான் என்றேன்.
நிறையச் சொன்னேன்.

அவள் குனிந்து திரையைப் பார்த்தாள்.
காதைத் தொட்டு
கையை விரித்துக் காட்டினாள்.

"கேக்கல்ல."